ஆறு மைக்ரான் சுவர்

அலுமினிய ஃபாயிலில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். உருண்டையாகிவிடும்; கையைத் திறந்தாலும் உருண்டையாகவே கிடக்கும். அடுத்து, உள்பக்கம் வெள்ளிபோல் மின்னும் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கசக்குங்கள். கையைத் திறந்ததுமே சரசரவென்று விரிந்துகொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது உலோகம். இரண்டாவது, உலோகம் பூசிய பிளாஸ்டிக். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, அந்த ஆவியைப் பாலிப்ராப்பிலீன் படலத்தின்மேல் படியவைக்கிறார்கள். படியும் உலோகம் சில பத்து நானோமீட்டர் தடிமன்தான் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). உணவுப் பொதிகளில் இருக்கும் மிக மெல்லிய ஃபாயில்கூட ஏறத்தாழ 6 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது அந்தப் பூச்சைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், பிடியை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். உலோகம் அப்படியல்ல. வளைக்கும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்து புதிய இடத்தில் நிலைகொண்டுவிடுகின்றன. ஃபாயில் மிக மிருதுவான அலுமினியம் என்பதால் விரல் நுனியின் அழுத்தமே அந்த வழுக்கலுக்குப் போதும். பசையில்லாமல், நூலில்லாமல், மடித்த இடத்தில் மடிந்தபடி நிற்கும் இந்தக் குணத்துக்காகவே அதை விரும்பி வாங்குகிறோம்.

இந்த வேலையை முன்பு வெள்ளீயத் தாள் செய்துவந்தது. அது உணவுக்கு லேசாக ஓர் உலோகச் சுவையையும் ஏற்றிவிடும். அலுமினியமோ விலையுயர்ந்த உலோகமாக இருந்தது. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் (Paul Héroult) ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள், விலை சரிந்தது. 1910இல் சுவிட்சர்லாந்தில் ராபர்ட் விக்டர் நேஹர் அதை உருளைகளுக்கிடையே தொடர்ச்சியாகத் தேய்த்து மெல்லிய தாளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே டோப்ளரோன் சாக்லேட் அந்தத் தாளுக்குள் புகுந்தது.

உருட்டும் விதம் கேட்பதற்கு எளிது. 0.4 மில்லிமீட்டர் தகட்டை இரண்டு எஃகு உருளைகளுக்கிடையே விட்டு, ஒவ்வொரு முறையும் பாதியாக மெலிய வைத்தால் ஆறு நடையில் 6 மைக்ரானுக்கு வந்துவிடலாம். கடைசி நடையில்தான் சிக்கல். தாள் அவ்வளவு மெலிந்தபின் எஃகு உருளையே அழுத்தத்தில் சற்றுத் தட்டையாகிவிடும். எவ்வளவு நெருக்கினாலும் அலுமினியம் அதற்குமேல் மெலியாது. மெலிந்தாலும் கிழியும். அதற்குக் கண்டுபிடித்த வழி, இரண்டு தாள்களை நடுவில் எண்ணெய் தடவி ஒன்றாகச் சேர்த்து உருட்டுவது. உருளைக்கு ஒரு தடித்த தாள் கிடைத்துவிடுகிறது. வெளியே வந்ததும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மெருகேற்றிய எஃகைத் தொட்ட பக்கம் பளபளக்கிறது, மற்றொரு தாளைத் தொட்ட பக்கம் மங்கலாகிறது. எந்தப் பக்கம் உணவைத் தொட வேண்டும் என்று சமையலறைகளில் நடக்கும் வாக்குவாதத்துக்கு மூலம் இவ்வளவுதான். எப்படி வைத்தாலும் சமையலில் வித்தியாசம் தெரியாது.

உருட்ட உருட்ட உலோகம் விறைத்துப்போகும். ஆகவே சுருளை உலையில் சூடேற்றி மெதுவாக ஆறவிடுகிறார்கள். உருளை எண்ணெய் ஆவியாகிப் போகிறது, தாளும் மறுபடி மிருதுவாகிறது.

இனி சாப்பாடு கட்டித் தரும் தட்டுகளுக்கு வருவோம். அந்தத் தட்டின் பக்கச் சுவரில் ஏன் அத்தனை சுருக்கங்கள்? கணக்குப் போட்டால் புரியும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தாளை எடுத்து, ஓரத்தில் 3 சென்டிமீட்டரைச் செங்குத்தாக மடக்கித் தட்டாக்குகிறோம். தாளின் சுற்றளவு 63 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தட்டின் வாய்ச் சுற்றளவோ 44தான். மிச்சமிருக்கும் 19 சென்டிமீட்டர் உலோகம் எங்கே போகும்? பாவாடைக் கொசுவம்போல் மடிப்புகளாக நிற்கிறது. அந்த மடிப்புகள் சும்மா நிற்பதில்லை. பலவீனமான சுவருக்கு விலா எலும்புகள் அவையே. விளிம்பைச் சுருட்டிவிடுவதும் அப்படித்தான்: கை வெட்டுப்படாது, தட்டும் வளையாது. அட்டை மூடியை வைத்து விளிம்பை மேலே மடக்கினால் மூடி நின்றுவிடும். அதே மடிந்து நிற்கும் குணம்தான்.

ஆனால் சுருக்கமுள்ள விளிம்பின்மேல் காற்றுப் புகாதபடி ஒரு தாளை ஒட்ட முடியாது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு வாய்க்கால். இதற்காக மழமழப்பான சுவர் கொண்ட தட்டுகள் வந்தன. ஓரத்தை இறுக்கிப் பிடித்து, மசகு தடவிய தகட்டைச் சிறிது சிறிதாக அச்சுக்குள் இழுக்கிறார்கள். மிச்ச உலோகம் மடிப்பாக எழ வழியின்றிச் சுவருக்குள்ளேயே அமுங்கிப்போகிறது. தட்டையான விளிம்பில் வெப்பத்தால் மூடியை ஒட்டிவிடலாம்.

எனக்கு ஒருமுறை நேர்ந்தது இது. தக்காளி சேர்த்த உப்பான குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, மேலே ஃபாயிலைக் குழம்பைத் தொடும்படி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் ஃபாயிலில் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள். குழம்பின்மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். என்ன நடந்தது என்றால், நான் அறியாமல் ஒரு பேட்டரி செய்திருந்தேன். அலுமினியம் ஒரு முனை, எவர்சில்வர் எஃகு மறுமுனை, உப்பும் புளிப்பும் கலந்த குழம்பு நடுவில் மின்பகு திரவம். ஃபாயில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டதில் சுற்று பூர்த்தியாகிவிட்டது. எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்த அலுமினியம் கரைந்து குழம்புக்குள் இறங்கியது. கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் இப்படித் துளை விழுந்திருக்காது.

அலுமினியத்தின்மேல் எப்போதும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு தோல் இருக்கிறது. காற்றுப் பட்ட கணத்தில் தானாக உருவாகி உலோகத்தைக் காப்பது அதுதான். கடும் புளிப்பு, காரம் (மிளகாய்க் காரமல்ல, அல்கலி), உப்பு மூன்றும் அதைத் துளைத்துவிடும். அதனால்தான் புளிப்பான உணவுக்கான தட்டுகளின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அரக்குப் பூச்சு ஒன்று இருக்கிறது. நாம் உலோகத்தட்டு என்று நினைத்தாலும், உணவு தொடுவது அந்தப் பூச்சை.

ஃபாயிலின் அடுத்த குறை, ஓட்டை. ஏறத்தாழ 25 மைக்ரானுக்குக் கீழே மெலியும்போது நுண்துளைகள் விழத் தொடங்குகின்றன. இருட்டறையில் ஒரு மெல்லிய ஃபாயிலை விளக்குக்கு முன் பிடித்தால் அங்கங்கே நட்சத்திரம்போல் ஒளிப்புள்ளிகள் தெரியும். ஆகவே அது தனியாக வேலை செய்வதில்லை. இருபுறமும் பிளாஸ்டிக் துணை நிற்கிறது. காற்று, ஈரம், ஒளி மூன்றையும் அலுமினியம் தடுக்கிறது. அதன் துளையை மூடுவதும், கிழியாமல் தாங்குவதும், சூட்டில் உருகி ஓரத்தை ஒட்டுவதும் பிளாஸ்டிக்கின் பொறுப்பு.

இந்தக் கூட்டணியின் மதிப்பை ஜப்பானியர்கள் நேரடியாகப் பார்த்தார்கள். 1968இல் ஒட்சுகா நிறுவனம் போன் கரி என்ற, பையோடு வெந்நீரில் சூடாக்கும் குழம்பை விற்கத் தொடங்கியபோது பையில் அலுமினியம் இல்லை. ஒளியும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்ததால் சில மாதங்களே தாங்கியது. அடுத்த ஆண்டு ஃபாயில் அடுக்கைச் சேர்த்ததும் 2 ஆண்டுகள் வைத்திருக்க முடிந்தது. இத்தகைய பையில் வழக்கமாக வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவே 7 முதல் 9 மைக்ரான் அலுமினியம், உள்ளே 70 மைக்ரான் அளவில் பாலிப்ராப்பிலீன். உணவை உள்ளே வைத்து மூடிய பின் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிக் கிருமிகளைக் கொல்கிறார்கள். பை தட்டையானது என்பதால் உருண்ட டப்பாவைவிடச் சீக்கிரம் நடுவரை சூடு எட்டும். ஓரத்தில் இருக்கும் உணவு குழைந்துபோகாது.

இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு எதுவென்றால், புதிய பாட்டிலின் மூடியைத் திருகியதும் கீழே வாயில் ஒட்டியிருக்குமே, அந்த வட்ட ஃபாயில். மூடியைத் திருகி முடித்த பிறகுதான் அதை ஒட்டுகிறார்கள்! எப்படி? மூடியின் உள்ளே முதலில் ஒரு அட்டை வட்டம், அதன்மேல் மெழுகால் ஒட்டிய ஃபாயில், ஃபாயிலின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக். மூடிய பாட்டில், அதிவேகமாகத் திசைமாறும் மின்னோட்டம் பாயும் ஒரு கம்பிச்சுருளுக்குக் கீழே நகர்ந்து போகிறது. அந்தக் காந்தப்புலம் பிளாஸ்டிக் மூடியை ஒன்றும் செய்யாமல் ஊடுருவி, ஃபாயிலுக்குள் மட்டும் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. ஃபாயில் நொடியில் சூடாகிறது. அடியிலுள்ள பிளாஸ்டிக் உருகிப் பாட்டில் வாயில் ஒட்டுகிறது. மேலேயுள்ள மெழுகு உருகி அட்டைக்குள் ஊறிப்போகிறது. அதனால்தான் நாம் திருகும்போது அட்டை மூடியோடு போகிறது, ஃபாயில் பாட்டிலோடு நிற்கிறது. சுவராக இருந்த உலோகம் ஒரு கணம் அடுப்பாகவும் ஆகிவிடுகிறது.

நீண்டநாள் கெடாத பாலும் பழச்சாறும் வரும் அட்டைப் பெட்டிகளிலும், ஃபாயிலைச் சூடேற்றி ஓரத்தை ஒட்டும் இதே தந்திரம் உண்டு. ஸ்வீடனில் 1951இல் நிறுவப்பட்ட டெட்ரா பேக் புகழாக்கிய அந்தப் பெட்டியில் எடையில் முக்கால் பங்கு அட்டை, ஐந்தில் ஒரு பங்கு பாலி எத்திலீன், மீதி 4, 5 சதவீதம்தான் அலுமினியம். தடிமன் 6 மைக்ரானை ஒட்டியது. ஒரு சதுர மீட்டர் ஃபாயில் 17 கிராம்தான்.

ஆனால் அந்த 17 கிராமைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. தனி அலுமினியத்தை உருக்கி மறுபடி தகடாக்க, தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். அடுக்குப் பொதியிலோ அட்டையை நீரில் கூழாக்கிப் பிரித்த பின்னும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் கட்டிப்பிடித்துக் கிடக்கும். அதனால் ஃபாயிலையே நீக்கிவிட்டு நானோமீட்டர் பூச்சுகளால் காற்றைத் தடுக்கப் பார்க்கிறார்கள். தடுப்பது ஒருவாறு முடிகிறது. ஆனால் ஃபாயில் போனால் ஓரத்தை ஒட்டச் சூடேற்றிய உலோகமும் போய்விடுகிறது. அந்த வேலைக்குச் சூடான காற்றையோ காதுக்குக் கேட்காத மீயொலி அதிர்வையோ கொண்டுவர வேண்டியிருக்கிறது.