மெமோயரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆபீசில் மெமோ வந்திருக்கிறது என்றால் நமக்கு வயிற்றைக் கலக்கும். அந்த மெமோவும் இலக்கியத்தில் அடிபடும் மெமோயரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். லத்தீனில் மெமோரியா என்றால் நினைவு. பிரெஞ்சில் அது 'மெமுவார்' ஆகி, இரண்டு பாலிலும் வழங்குகிறது. பெண்பாலில் வந்தால் நினைவாற்றல், ஆண்பாலில் வந்தால் எழுதிக் கொடுக்கும் அறிக்கை. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது ஆண்பாலை. ஆனாலும் மற்றதன் வாசனை இன்னும் போகவில்லை.

தமிழில் சுயசரிதை, தன்வரலாறு, நினைவுக்குறிப்பு, நினைவோடை என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். முதல் இரண்டும் ஆட்டோபயோகிராஃபிக்குத்தான் சரி. பிறந்த ஊர், படிப்பு, வேலை என்று வரிசையாக நடந்து வருவது அது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' அந்த வகை. மெமோயர் வாழ்க்கையில் ஒரு துண்டை, சில சமயம் ஒரே ஓர் உறவை எடுத்துக்கொண்டு அதையே குடையும்.

அமெரிக்க எழுத்தாளர் விவியன் கோர்னிக்கைப் பார்த்தால் இது விளங்கும். 1935இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு யூதத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1969 முதல் 1977 வரை 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் எழுதினார். பெண்ணிய இயக்கம் சூடுபிடித்த நேரம் அது, இவரும் அதில் இறங்கியே எழுதினார். விமர்சகராகவும் பெயர் உண்டு. காதலை மையமாக வைத்து இனி ஒரு நாவலைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்று 1997இல் ஒரு கட்டுரைத் தொகுப்பில் வாதிட்டவர்.

1987இல் வந்த 'ஃபியர்ஸ் அட்டாச்மென்ட்ஸ்' அவருடைய மெமோயர். நடுவயது மகளும் வயதான அம்மாவும் மன்ஹாட்டன் தெருக்களில் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். நடுநடுவே பழைய குடியிருப்பு வருகிறது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே சந்து, குறுக்கே துணிக்கொடிகள், பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம். அம்மா அங்கிருந்தபடியே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அளந்து சொல்லிவிடுவாள். கோர்னிக்குக்குப் 13 வயதில் அப்பா இறக்கிறார். அதன்பின் அம்மா சோபாவை விட்டு எழுவதில்லை, துக்கமே அவளுக்கு முழுநேர வேலையாகிவிடுகிறது. எழுத்தாளரின் தொழில் வாழ்க்கை புத்தகத்தில் ஓரமாகத்தான் வருகிறது. இதைத் தன்வரலாறு என்றால் வரலாற்றில் பாதி எங்கே என்று வாசகர் கேட்பார். 2019இல் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர்கள் கடந்த 50 ஆண்டுகளின் சிறந்த 50 மெமோயர்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்குத்தான்.

2001இல் எழுதிய 'தி சிச்சுவேஷன் அண்ட் த ஸ்டோரி'யில் இந்த வடிவத்தின் இலக்கணத்தையும் அவரே சொன்னார். நடந்தது வேறு, அதிலிருந்து எழுதுபவர் கண்டடைந்து சொல்ல வந்தது வேறு. முன்னது வெறும் சந்தர்ப்பம், பின்னதுதான் கதை. அதைச் சொல்ல, தனக்குள்ளிருந்தே ஒரு 'நான்' செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் வந்தது வம்பு. 2003இல் ஒரு கல்லூரியில் பேசும்போது, 'ஃபியர்ஸ் அட்டாச்மென்ட்ஸ்' புத்தகத்தின் சில காட்சிகளும் உரையாடல்களும் தான் கட்டிச் சேர்த்தவை என்றார். பத்திரிகைக்காரர்கள் கொதித்தார்கள். மெமோயர் செய்தி அறிக்கை அல்ல என்று அவர் நின்றார். பிரெஞ்சுக்காரரின் ஆண்பாலும் பெண்பாலும் மறுபடி மோதிக்கொண்டன என்று எனக்குத் தோன்றும். என் ஓட்டு கோர்னிக்குக்கு, ஆனால் அதை முன்னுரையிலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். நினைவோடை அழகான சொல். சுந்தர ராமசாமி தன் நூல் வரிசைக்கே அதைப் பெயராக்கினார். ஆனால் ஓடை தானாக ஓடும், மெமோயரில் கரை கட்டும் வேலைதான் அதிகம். தன்வரலாற்றில் உள்ள 'வரலாறு' வரல் கூட்டல் ஆறு, அதாவது வந்த வழி. அம்மாவும் மகளும் நடந்துகொண்டே இருக்கும் ஒரு புத்தகத்துக்கு அது பொருந்தாமல் போவது வேடிக்கைதான்.

எனக்குப் பிடித்தது நினைவுக்குறிப்பு. குறிப்பு என்றதும் நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வருவதால் சிலர் தயங்குகிறார்கள். குறளில் 71, 110 இரண்டு அதிகாரங்களுக்கும் குறிப்பறிதல் என்றே பெயர். வாய் சொல்லாததை முகத்தில் படிப்பது அது. சோபாவில் கிடக்கும் அம்மாவை அந்தப் பெண் படித்ததும் அப்படித்தான். ஒன்று மட்டும், ஒருமையில் எழுதுங்கள். 'நினைவுக்குறிப்புகள்' என்றால் ஓய்வுபெற்ற தளபதி எழுதிய புத்தகம் போலாகிவிடும்.