வைட்டமின் ஈ: எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் கல்லீரல்

மருந்துக் கடையில் விற்கும் வைட்டமின் மாத்திரை செயற்கையானது, முருங்கை இலையையும் நெல்லிக்காயையும் பொடித்து அடைத்த மாத்திரை இயற்கையானது, ஆகவே விலை கூடுதலாக இருந்தாலும் இரண்டாவதைத்தானே வாங்க வேண்டும் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல இயலாது. வைட்டமின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பதில் மாறிக்கொண்டே போகிறது.

வைட்டமின் சி எளிதானது. நெல்லிக்காயில் உள்ள அஸ்கார்பிக் அமிலமும், 1933இல் வேதியியலாளர் ரைக்ஸ்டைன் வகுத்த முறையைப் பின்பற்றிக் குளுக்கோஸிலிருந்து ஆலையில் தயாராகும் அஸ்கார்பிக் அமிலமும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறுதான். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க உடலுக்கு வழியே இல்லை. நெல்லிக்காயில் நார்ச்சத்தும் பிற பொருள்களும் இருப்பது நெல்லிக்காயைத் தின்பதற்கு நல்ல காரணம். அதிலுள்ள வைட்டமின் சி மேலானது என்பதற்கு அது சான்றாகாது.

வைட்டமின் ஈ-யில்தான் கதை திரும்புகிறது. நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கரி அணு ஒன்று மூலக்கூறில் இருந்தால், அந்த மூலக்கூறுக்கு இடக்காலணியும் வலக்காலணியும் போல இரு வடிவங்கள் அமையும் என்று பள்ளியில் படித்திருப்போம். வைட்டமின் ஈ-யின் முதன்மைப் பொருளான ஆல்ஃபா டோக்கோஃபெராலில் அத்தகைய கரி அணுக்கள் மூன்று இருப்பதால் மொத்தம் எட்டு வடிவங்கள் உருவாக முடியும். தாவரங்களின் நொதிகள் அவற்றுள் ஒன்றை மட்டுமே உருவாக்குகின்றன. ஆலையிலோ, மூலக்கூறின் வளையப் பகுதியையும் வால் பகுதியையும் வேதிவினையால் ஒட்டும்போது எட்டும் ஏறத்தாழச் சம அளவில் கலந்து வருகின்றன.

இந்த எட்டையும் குடல் பாகுபாடின்றி உறிஞ்சிக்கொள்கிறது. கொழுப்புத் துகள்களில் ஏறி அவை எல்லாமே கல்லீரலை அடைகின்றன. அங்கே ஆல்ஃபா டோக்கோஃபெரால் கடத்துப் புரதம் என்ற ஒன்று இருக்கிறது. உயிர்வேதியியலில் இதைவிட அழகான தேர்வாளரை நான் கண்டதில்லை. அந்தப் புரதத்தின் நடுவே, நீரை விலக்கும் அமினோ அமிலங்களால் சூழப்பட்ட ஒரு குழிவு உண்டு. டோக்கோஃபெராலின் வளையம் அதனுள் சென்று அமர, நீண்ட வால் மடங்கி அதன் உள்ளேயே அடங்கிவிடுகிறது. வளையமும் வாலும் சேரும் இடத்தில் உள்ள கரி அணு சரியான கையமைப்பில் இருந்தால்தான் இது நடக்கும். அந்த ஒரு மூட்டு எதிர்த்திசையில் அமைந்திருந்தால் வால் தவறான பக்கம் திரும்பி, குழிவுக்குள் சரியாகப் பொருந்தாமல் போகிறது. பொருந்திய மூலக்கூறுகளைப் புரதம் கல்லீரலிலிருந்து வெளியேறும் கொழுப்புப் புரதத் துகள்களில் சேர்த்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. பொருந்தாதவற்றின் வாலை நொதிகள் சிறிது சிறிதாக நறுக்க, அவை கழிவாகின்றன. எட்டில் நான்கு வடிவங்களுக்கே அந்த மூட்டு சரியாக இருக்கிறது. அதனால்தான் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவனம், செயற்கை ஆல்ஃபா டோக்கோஃபெராலில் பாதி எடையை மட்டுமே வைட்டமின் ஈ-யாகக் கணக்கிடலாம் என்று வரையறுத்தது. உறையில் 'டி-ஆல்ஃபா' என்றிருந்தால் இயற்கை வடிவம், 'டிஎல்-ஆல்ஃபா' என்றிருந்தால் எட்டும் கலந்த செயற்கைக் கலவை.

இந்தப் புரதத்துக்குரிய மரபணு பழுதடைந்த சிலர் இருக்கிறார்கள். எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் அவர்களுடைய இரத்தத்தில் வைட்டமின் ஈ தங்குவதில்லை. நரம்புகள் சிதைந்து நடை தள்ளாடத் தொடங்குகிறது. மிக அதிக அளவில் வைட்டமின் ஈ கொடுத்து நோயின் போக்கைத் தடுக்க முடிகிறது. ஒரே ஒரு புரதத்தின் தேர்வு எத்தனை இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முழு உணவின் பக்கம் நிற்கும் ஒரு வியப்பையும் இங்கே சொல்ல வேண்டும். நம் நல்லெண்ணெயில் மிகுந்திருப்பது ஆல்ஃபா அல்ல, அதே வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த காமா டோக்கோஃபெரால். கடத்துப் புரதம் அதை அவ்வளவாக ஏற்பதில்லை என்பதால் அது விரைவில் கழிந்துவிட வேண்டும். ஆனால் எள்ளிலேயே இருக்கும் செசமின் என்ற பொருள், வாலை நறுக்கும் நொதியைத் தடுக்கிறது. எள் உண்டவர்களின் இரத்தத்தில் காமா டோக்கோஃபெராலின் அளவு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. தனியாகப் பிரித்தெடுத்த காமா மாத்திரைக்கு இந்தத் துணை கிடையாது. இத்தகைய உறவுகளை ஆராய்வதால் எந்த நிறுவனத்துக்கும் பெரிய காப்புரிமை கிடைக்கப் போவதில்லை. ஆகவே பொதுப்பணம்தான் இதற்கு வேண்டும். 1918இல் குன்னூரில் முளைத்து 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் இந்தப் பணியைத் தாராளமான நிதியோடு ஒப்படைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினில் நிலைமை தலைகீழ். பம்பாயில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1931இல் வெளியிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆய்வு இயக்குநராக இருந்த அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் 1945இல் அந்தச் சாற்றின் சத்தான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததை அறிவித்தது. கீரையில் உள்ள அதன் இயற்கை வடிவமான ஃபோலேட், குளூட்டமேட் தொகுதிகள் சங்கிலியாகத் தொங்கும் வடிவில் இருக்கிறது. குடல் நொதிகள் அந்தச் சங்கிலியை வெட்டிய பிறகே அது உள்ளே போக முடியும். சமையலிலும் ஒரு பகுதி அழிகிறது. மாத்திரையில் உள்ள வடிவத்துக்குச் சங்கிலியே இல்லை. உணவோடு உட்கொண்டால் அதில் சுமார் 85 விழுக்காடு உடலில் சேர்கிறது. கீரை போன்ற உணவுகளின் ஃபோலேட்டில் சேர்வது ஏறத்தாழப் பாதி. முன்பு நரம்புக்குழல் குறையுடன் (கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் சரியாக மூடாத குறை) குழந்தை பெற்ற தாய்மாரை வைத்து நடத்தப்பட்டு 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அக்குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு குறைத்தது செயற்கை ஃபோலிக் அமிலம்தான்.

வாசகிக்கு இன்னும் ஒன்று. 'உணவிலிருந்து பெறப்பட்டது' என்ற பெயரில் வரும் சில மாத்திரைகளில், ஈஸ்ட் வளர்க்கும் கரைசலில் செயற்கை வைட்டமினைச் சேர்த்து, பிறகு அந்த ஈஸ்ட்டை உலர்த்தி அடைக்கிறார்கள். 'இயற்கை' வைட்டமின் ஈ-யிலும் பெரும்பகுதி, சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் காமா போன்ற வடிவங்களை ஆலையில் ஆல்ஃபாவாக மாற்றித் தயாரிப்பதே. எனவே உறையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் வேதிப்பெயரையும் அளவையும் படியுங்கள். கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால் ஃபோலிக் அமிலத்தை மாத்திரையாகவே, மருத்துவரிடம் கேட்டு, கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குங்கள். கருவின் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. பலருக்குத் தாம் கருவுற்றிருப்பது அதற்குள் தெரிந்திருப்பதில்லை.