ஆம்ப் வாங்கும் முன் ஒருமுறை ஹெட்செட்டைத் திருப்பி மாட்டிப் பாருங்கள்

ஒரே வாரத்தில் என் மேசைக்கு மூன்று ஆம்ப் வந்துவிட்டது. ஹெட்போனுக்குப் போகிற சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத்தான் சொல்கிறேன். மூன்றும் புதுசு. கொண்டுவந்த மூவரும் கேம் ஆடுகிற பிள்ளைகள், மூவர் கையிலும் இருந்தது சாதாரண கேமிங் ஹெட்செட். சொன்னதும் ஒரே வாக்கியம்: "அண்ணா, ஆம்ப் போட்டும் சவுண்டு தேறலை." இனியும் வாயை மூடிக்கொண்டு சாலிடர் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஹெட்போன், ஹெட்செட் பழுது பார்ப்பது என் தொழில். ஆம்ப் விற்பவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் வந்த தம்பியின் ஹெட்செட்டைக் கையில் எடுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. காது பேடின் ரெக்சின் உரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபோம் அமுங்கிப்போய், விரல் வைத்தால் ப்ளாஸ்டிக் தட்டுப்பட்டது. போதாததற்கு அவர் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடிக் காம்புக்கும் பேடுக்கும் நடுவே ஒரு சந்து. மூடிய ஹெட்செட்டில் பேஸ், அதாவது அடித்தொனி, என்பது காதைச் சுற்றிக் காற்று கசியாத வரைக்கும்தான். சந்து விழுந்தால் முதலில் ஓடிப்போவது அதுதான். ஆம்பை நான் தொடவே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு ஜோடி பேடை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். "அண்ணா, பேஸ் வந்துடுச்சு!" என்றார். வரவில்லை தம்பி, போகாமல் நின்றது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற நம்பிக்கைக்கு வருவோம். ஹெட்செட்டுக்கு "பவர் பத்தலை"யாம். உள்ளே ட்ரைவர், அதாவது சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், பட்டினி கிடக்கிறதாம். ஆம்ப் போட்டுத் தீனி கொடுத்தால் சவுண்டு "திறந்துகொள்ளும்", எதிரியின் காலடி தனியாகக் கேட்கும் என்று யாரோ இவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆம்ப் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: வருகிற சிக்னலைப் பெரிதாக்கித் தருவது. சுருதி சேராத பாட்டுக்கு மைக் பிடித்தால் சுருதி சேர்ந்துவிடுமா? சேராத சுருதி தெருக்கோடி வரை கேட்கும், அவ்வளவுதான்.

வெறும் பேச்சு வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். உங்கள் ஹெட்செட் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் 32 ஓம் என்றும், 100 டெசிபெல்லை ஒட்டி ஒரு எண்ணும் இருக்கும். அந்த 100, ஒரு மில்லிவாட்டுக்கான கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 100 டெசிபெல் சத்தம். 10 டெசிபெல் குறைய பத்தில் ஒரு பங்கு பவர் போதும், 20 குறைய நூறில் ஒரு பங்கு. ஆக, 80 டெசிபெல்லில் நிம்மதியாகக் கேட்பதற்கு 0.01 மில்லிவாட். அதாவது ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. குண்டு வெடிக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று 20 டெசிபெல் ஏறினாலும் கேட்பது ஒரே ஒரு மில்லிவாட்தான். 32 ஓம் ட்ரைவருக்கு அதைக் கொடுக்க 0.18 வோல்ட் போதும். ஃபோனில் செருகுகிற விரல்நீள டாங்கிளில் பல ஒரு வோல்ட் தருகின்றன. ஒரு வோல்ட் என்றால் 31 மில்லிவாட், 115 டெசிபெல். அந்தச் சத்தத்தை யாராலும் நிம்மதியாகக் கேட்க முடியாது. இதில் பட்டினி எங்கே இருக்கிறது?

"இல்லண்ணா, என் ஃப்ரெண்டு ஆம்ப் போட்டான், வித்தியாசம் நல்லாவே தெரியுதுங்கிறான்." தெரியும்தான். ஏனென்றால் ஆம்ப் போட்டதும் வால்யூம் கூடியிருக்கும். வால்யூம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை "நல்ல சவுண்டு" என்று எடுத்துக்கொள்ளும். இது நம் எல்லோருக்கும் உள்ள குணம். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து எழுதிவிட்டார்கள்: சத்தம் மெதுவாக இருக்கும்போது பேஸ் நம் காதுக்குக் குறைவாகவே கேட்கும், சத்தம் ஏற ஏற பேஸும் நிரம்பியதாகத் தோன்றும். ஆகவே வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினாலே "பேஸ் கனமா இருக்கு, டீட்டெயில் தெரியுது" என்று தோன்றத்தான் செய்யும். கடை டெமோவில் காலங்காலமாக நடக்கிற வித்தையும் இதுதான்.

சந்தேகப்படுகிறவர்களுக்காக நான் ஒன்று செய்வதுண்டு. ஒரே ஹெட்செட், ஒரே பாட்டு. ஒருமுறை லேப்டாப்பிலிருந்து நேராக, ஒருமுறை ஆம்ப் வழியாக. இடையில் ஒரு சோதனை டோனை ஓடவிட்டு, ஜாக் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரண்டிலும் வோல்டேஜை ஒன்றாக்கிவிடுவேன். எது ஓடுகிறது என்று ஆளுக்குச் சொல்ல மாட்டேன். இதுவரை உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னார். அவர் லேப்டாப்பில் மெல்லிய கொசுச் சத்தம் இருந்தது, அதைப் பிடித்துவிட்டார்.

அந்தக் கொசுச் சத்தம் நிஜமான பிரச்சினை. மவுஸை நகர்த்தினால் "கிர்" என்றும், கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும்போது "ஙீ" என்றும் கேட்கிறதா? கம்ப்யூட்டரின் முன்பக்க ஜாக்கில் இது அடிக்கடி வரும். இதற்குத் தேவை சின்னதாக ஒரு வெளி யூஎஸ்பி சவுண்டு கார்டு. இந்தக் குறைக்கு எளிய ஒன்றே போதும். அதை விட்டுவிட்டு அதே ஜாக்கிலிருந்து வயர் இழுத்து ஆம்புக்குக் கொடுத்தால், ஆம்ப் கொசுவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

ஆம்ப் வேண்டிய ஹெட்போன்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் மாடல், சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஆட்கள், 600 ஓம் டிடி 880 எல்லாம் அதிக வோல்டேஜ் கேட்பவை. 250 ஓமுக்கு ஒரு மில்லிவாட் தள்ள அரை வோல்ட் வேண்டும். சில ப்ளானர் (தட்டையான சவ்வு கொண்ட) ஹெட்போன்களுக்கு ஓம் குறைவாக இருந்தாலும் சென்சிட்டிவிட்டியும், அதாவது கொடுத்த பவருக்கு எழும் சத்தமும், குறைவு, அவற்றுக்கும் தாராளமாகக் கொடுத்தாக வேண்டும். சோதனை எளிது: வால்யூம் 100-இல் இருந்தும் உங்களுக்குச் சத்தம் போதவில்லையா, அப்போது ஆம்பைப் பற்றி யோசியுங்கள். 40-இல் வைத்துக் கேட்டுக்கொண்டே "பவர் பத்தலை" என்று என்னிடம் வராதீர்கள். (தொழில்காரர்களுக்காக ஒரு வரி: ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் தலைவலி இல்லை. சில மதர்போர்டுகளில் இது பத்துக்கணக்கான ஓம் வரை போகும். அங்கே மாற்றம் கேட்கும். அதையும் அந்தச் சின்ன சவுண்டு கார்டே பெரும்பாலும் தீர்த்துவிடும்.)

யூஎஸ்பி ஹெட்செட், வயர்லெஸ் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சுக்கே வரவேண்டாம். ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. போன மாதம் ஒருவர் யூஎஸ்பி வயரை வெட்டி 3.5 எம்எம் ஜாக் வைத்துத் தரச் சொன்னார். கத்தரிக்கோலைக் கையில் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: மைக். ஹெட்செட் ஜாக்கில் மூன்று கறுப்பு வளையம், நான்கு தொடர்பு. இடது, வலது, கிரவுண்டு, மைக். பெரும்பாலான ஹெட்போன் ஆம்பின் ஓட்டைக்கு மூன்று தொடர்புதான், மைக்குக்கு இடமே கிடையாது. மைக்கையும் ஹெட்போனையும் இரண்டு ஜாக்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் போடாமல் நேராகச் செருகினால் மைக் செத்தது. சிலவற்றில் கிரவுண்டும் சரியாக உட்காராது. அப்போது ஒரு வேடிக்கை நடக்கும்: பாட்டில் வாத்தியங்கள் குகைக்குள் வாசிப்பதுபோலக் கேட்கும், பாடுகிறவர் குரலைக் காணோம். கிரவுண்டு விட்டுப்போனால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். நடுவில் நிற்கும் குரல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது. ஜாக்கை அரைகுறையாகச் செருகினாலும் இதே கதை. "ஆம்ப்ல சவுண்ட்ஸ்டேஜ் அகலமா இருக்குண்ணா" என்று ஒருவர் மெய்மறந்து சொன்னார். ஜாக்கைப் பிடித்து உள்ளே ஒரு தள்ளு தள்ளினேன். பாடகர் திரும்பி வந்தார்.

இரண்டாவது ஆம்ப் கதைக்கு வருகிறேன். அதுதான் வயிற்றெரிச்சல். வலது பக்கம் ஊமை. மல்டிமீட்டர் வைத்தேன். இடது 31.8 ஓம், வலது ஓப்பன், அதாவது உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. பேடைக் கழற்றி, நான்கு ஸ்க்ரூ எடுத்து ட்ரைவரை வெளியே கொண்டுவந்தால், சவ்வின் நடுவில் சுருக்கம், அடியில் காயில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. ஊதினால் உடையும் கம்பி அது, தலைமுடியைவிட மெல்லிசு. இப்படிப்பட்ட ட்ரைவர்கள் தாங்குவது பொதுவாகச் சில பத்து மில்லிவாட். ஆம்ப் பக்கத்தில் ஹை கெய்ன் (சிக்னலை இன்னும் அதிகமாகப் பெரிதாக்கும்) சுவிட்ச் போட்டால் ஒரு வாட்டுக்கு மேல் தள்ளுகிற வகை அது. "ஹை கெய்ன்ல போட்டாத்தான் குவாலிட்டின்னு சொன்னாங்க." யார் சொன்னது? சொன்னவர் ட்ரைவர் வாங்கித் தருவாரா?

வாங்கித் தொலைத்துவிட்டீர்கள் என்றால் இதையாவது செய்யுங்கள். கெய்ன் சுவிட்ச் எப்போதும் லோவில். குமிழை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் ஜாக்கைச் செருக வேண்டும். முதலில் ஆம்பை ஆன் செய்யுங்கள், அந்த "டப்" போன பிறகு தலையில் மாட்டுங்கள். ஹெட்செட் தலையில் இருக்கும்போது ஜாக்கைப் பிடுங்கிச் செருகும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

வாங்காதவர்கள், காசு செலவில்லாமல் தேட வேண்டிய இடங்கள் வேறு. ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக் ஆன் ஆன நொடியே சவுண்டு பழைய டெலிஃபோன் மாதிரி ஆகிவிடுகிறதா? ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறிவிட்டது. அதில் சாம்ப்ளிங், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான், எந்த ஆம்பும் அதை மீட்காது. வயர் போடுங்கள், இல்லை மைக்கைத் தனியாக வையுங்கள். வாய்ஸ் சாட் தொடங்கியதும் கேம் சத்தம் பாதாளத்துக்குப் போகிறதா? விண்டோஸின் சவுண்டு செட்டிங்ஸில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தைத் திறங்கள். பேச்சு வந்தால் மற்ற சத்தத்தை 80 சதவீதம் குறை என்று அது தானாகவே டிக் போட்டு வைத்திருக்கும். எடுத்துவிடுங்கள். சத்தம் சுற்றிலுமிருந்து வருவதுபோலக் காட்டும் விர்ச்சுவல் சரவுண்டை ஒருமுறை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு இடத்தில் ஆன் ஆகியிருந்தால் சவுண்டு கிணற்றுக்குள் போகும். காலடிச் சத்தம் வேண்டுமென்றால் வேண்டிய தொனியை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் இருக்கிறது, ஈக்வலைசர் ஏபிஓ என்ற விண்டோஸ் மென்பொருள் இலவசம்தான். எதையாவது 6 டெசிபெல் ஏற்றினால் அதிலுள்ள ப்ரீஆம்ப் என்ற மொத்த அளவை 6 குறையுங்கள். இல்லாவிட்டால் கிழியும், கிழிந்த சத்தத்தோடு மறுபடியும் என்னிடம் வருவீர்கள்.

கொஞ்சம் கெஞ்சியும் கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். பிள்ளைகளுக்கு 75. மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 101 டெசிபெல்லுக்கு வாரம் முழுக்கவே 20 நிமிடம்கூடத் தேறாது. நீங்கள் ஒரு ராத்திரியில் ஆறு மணி நேரம் ஆடுகிறீர்கள். கழற்றிய பிறகு காதுக்குள் "கீ" என்று கேட்டால் அது ஹெட்செட்டின் கோளாறு இல்லை.

மூன்றாவது ஆள் வந்தது சனிக்கிழமை சாயங்காலம். வலது பக்கம் சத்தம் கம்மி, அதற்காகத்தான் ஆம்ப் வாங்கினாராம், வாங்கிக் கூட்டி வைத்தும் வலது பக்கம் ஏறவில்லையாம். மீட்டர் வைத்தேன், இரண்டு பக்கமும் 32-ஐ ஒட்டிச் சமமாக நின்றது. பேட் நன்றாக இருந்தது. ஜாக் சுத்தம். விண்டோஸில் பேலன்ஸ் நடுவில். ஹெட்செட்டைத் திருப்பி, இடதை வலது காதில் வருகிற மாதிரி மாட்டச் சொன்னேன். ட்ரைவர் கோளாறு என்றால் குறை இப்போது இடது காதுக்குப் போக வேண்டும்.

"இப்பவும் வலது பக்கம்தாண்ணா கம்மியா இருக்கு" என்றார்.

அழுக்கு அடைத்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், அது நான் பார்க்கிற வேலை இல்லை. திங்கட்கிழமையே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அதுவரை ஹெட்செட்டைத் தொடாதே என்றும் சொன்னேன். கூலி வாங்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, "அப்போ ஆம்பை ரிட்டர்ன் எடுத்துப்பாங்களாண்ணா?" என்று கேட்டார்.