மதுரை வெயிலும் முள்ளெலியின் உடம்பும்

சித்திரை மாதத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நாம் ஃபேனைப் போட்டுக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடுகிறோம். வீட்டில் வளர்க்கும் முள்ளெலியின் கூண்டுப் பக்கமும் அதே ஃபேனைத் திருப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சில சமயம் அதுவே ஆபத்து.

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. நம் தோலில் இருக்கும் வியர்வையை வேகமாக ஆவியாக்குகிறது, ஆவியாகும் வியர்வை உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. முள்ளெலிக்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. அதன் உடம்புச் சூடு சுமார் 36 டிகிரி. அறைக்காற்று 38, 39 டிகிரியில் இருக்கும்போது ஃபேன் அந்தச் சூட்டை அதன் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் செய்யும். பாவம், அது நான்கு காலையும் பரப்பி, வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். மூச்சு வேகமாக வாங்கும். அசதியில் தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத் தாக்குதலின் தொடக்கம் அது.

இங்கே செல்லப்பிராணியாக வளர்ப்பது ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலியை. பின்னங்காலில் நான்கே விரல்கள் இருக்கும், எடை அரைக் கிலோவை ஒட்டி வரும். மேற்கே செனகல் முதல் கிழக்கே சோமாலியா வரையுள்ள புல்வெளிகள்தான் அதன் பூர்வீகம். ஆப்பிரிக்கப் பிராணிக்கு வெயில் பழக்கம்தானே என்று கேட்கலாம். காட்டில் அது பகலில் வெளியே வருவதே இல்லை. வளையிலோ புதரடியிலோ பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு இரை தேடக் கிளம்பும். மண்ணுக்குள் அரை மீட்டர் ஆழம் போனால் மேலே கொதிக்கும் பகலும் குளிரும் இரவும் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கான்கிரீட் அறையோ நேர்மாறு. பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது ராத்திரி முழுக்க உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே 24 முதல் 29 டிகிரிக்குள் இருக்கும் அறைதான் அதற்குச் சரி. மதுரைக் கோடையில் ஏசி இல்லாமல் அது நடக்காது. ஏசி போட முடியாத வீட்டில் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கூண்டுக்குள் ஒரு டைல்ஸ் துண்டைப் போட்டு வையுங்கள், வயிற்றைப் பதித்துப் படுக்க உதவும். கரண்ட் போனால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம்.

அதற்காக ஏசியை 18-இல் வைத்துவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. குளிர் தட்டினால் இந்த உடம்பு குளிர்கால உறக்கத்துக்குள் போகப் பார்க்கும். இதயத்துடிப்பு குறையும், வயிறு சில்லென்று ஆகும், நடை தள்ளாடும். மாதக்கணக்கில் கொழுப்பைச் சேர்த்துவைத்து உறங்கும் ஐரோப்பிய முள்ளெலி வேறு. இதற்கு அந்த ஏற்பாடு கிடையாது, உறங்கினால் எழாமலே போகலாம். அப்படிக் கண்டால் வெந்நீரில் போடாமல், சட்டைக்குள் மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி முள். நம் நகமும் முடியும் எந்தக் கெரட்டின் புரதத்தால் ஆனவையோ அதேதான் இதுவும். உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள் இருப்பதால் கனமில்லை, வளைந்தாலும் லேசில் ஒடியாது. முள்ளம்பன்றி முள்போலக் கழன்று எதிரியின் உடம்பில் நிற்காது. முதுகுத் தோலின் விளிம்பைச் சுற்றி வட்டமாக ஒரு தசை ஓடுகிறது. பயந்ததும் அது இறுகும், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி தலையும் காலும் உள்ளே போய்விடும். தோல் இழுபடும்போது முட்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிமிர்ந்துகொள்ளும். சுருண்டதைப் பிரித்துப் பார்த்து விளையாடுவது அதைப் பயத்திலேயே வைத்திருப்பதுதான். உள்ளங்கையை அசையாமல் வைத்துக்கொண்டால் நெற்றி முள் முதலில் படியும், பிறகு மூக்கு மட்டும் வெளியே வந்து மோப்பம் பிடிக்கும்.

புதிய வாசனை கிடைத்தால் அந்தப் பொருளை மென்று, வாயில் நுரை தள்ள, உடம்பை முறுக்கி அந்த நுரையைத் தன் முட்களில் பூசிக்கொள்ளும். முதல்முறை பார்ப்பவர்கள் வலிப்பு என்றோ வெறிநோய் என்றோ பதறுவார்கள். இயல்பான பழக்கம்தான்.

சாப்பாட்டில் பாலும் சோறும் வேண்டாம். பாலைச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். இது எலி இனமே அல்ல, மூஞ்சூறுக்குச் சொந்தம், பூச்சி தின்னும் உடம்பு. கொழுப்புக் குறைந்த பூனைத் தீவனமும் கடையில் கிடைக்கும் புழுக்களும் போதும். வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம், அதில் மருந்தடித்திருப்பார்கள். ராத்திரி ஓட 30 செ.மீ. விட்டமுள்ள, கம்பி இடைவெளி இல்லாத சக்கரம் வையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி ஒட்டும்.

நம் மண்ணுக்கும் ஒரு முள்ளெலி உண்டு. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற விலங்கியலாளர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மெட்ராஸ் முள்ளெலி. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மதுரையைத் தாண்டித் தெற்கே திருநெல்வேலி வரை காய்ந்த முட்காடுகளிலும் புஞ்சை ஓரங்களிலும் இருக்கிறது. வெயிலைப் பதுங்கியே வெல்லத் தெரிந்த அதற்கு ஏசி தேவையில்லை, நம் கூண்டும் தேவையில்லை. பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கக்குவான் இருமலுக்கு மருந்தென்று இதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. கருகிய கெரட்டினால் அந்த இருமலை உண்டாக்கும் பாக்டீரியாவை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கான தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14-ஆவது வாரங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். ரோட்டோரத்தில் அடிபட்ட முள்ளெலியைக் கண்டால் கனத்த துணியால் எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து, பால் எதுவும் ஊற்றாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.