எலியின் முதுகும் தாத்தாவின் முதுகும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, வெருலம் பக்கம் காய்கறி போடுகிற தாத்தா ஒருவர் பூச்சிமருந்து பாட்டிலோடு வந்திருந்தார். லேபிளின் அடியில் நீலப் பட்டை. "நீலம்னா ஒண்ணும் பண்ணாது இல்ல தம்பி?"

பதில் சொல்வதற்கு முன் அவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகில் மாட்டுகிற பம்ப் வந்து உட்காரும் இடத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, சட்டை உள்ளங்கை அகலத்துக்கு வெளிறியிருந்தது. மூடி ஒழுகுகிறது, அதுவும் பல நாளாக.

மருந்தின் நச்சு எவ்வளவு என்று காட்ட, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று இங்கே ஒட்டுகிற பட்டைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் எலிதான் இருக்கிறது. மருந்தை எலிமேல் தடவிப் பார்க்கிற சோதனைக்கூடத்தில் நான் சில வருடம் இருந்தவன். முந்தின நாளே எலியின் முதுகு முடியை மழிப்போம். ஒரு கீறல்கூட விழக்கூடாது. விழுந்தால் மருந்து கூடுதலாக உள்ளே போய்க் கணக்கே கெட்டுவிடும். உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது மூடும்படி மருந்தைத் தடவி, மேலே காஸ் துணி வைத்து, டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுவோம். பிறகு துடைத்துவிட்டு 14 நாள் கவனிப்போம்: நடுக்கம், எச்சில் வடிதல், எடை குறைதல். உச்ச அளவு கிலோவுக்கு 2000 மில்லிகிராம். கால் கிலோ எலிக்கு அரை கிராம்.

பழைய முறையில் ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து எலியாவது வேண்டும். சோதனை முறைகளை வகுக்கிற பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி., இந்தத் தோல் சோதனைக்கான தன் 402ஆம் வழிகாட்டியை 2017இல் திருத்திய பிறகு மிகச் சில போதும். வாய்வழி நச்சு குறைவு என்று தெரிந்துவிட்டால் பல நேரம் தோல் சோதனையையே விட்டுவிடலாம். எலிகளை அறுத்துப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் நிம்மதிதான்.

ஆனால் அந்த எலிக்கு மருந்து பட்டது ஒரே ஒரு தடவை, கீறலில்லாத முதுகில். தாத்தாவுக்கு வாரா வாரம், வேர்வையோடு. ஒழுகுகிற மருந்து முதுகோடு நிற்காது, கீழே இறங்கும். பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதர்கள் மேலேயே தடவிப் பார்த்த பழைய ஆய்வில், முன்கையைவிட விரைப்பையின் தோல் சுமார் 12 மடங்கு உறிஞ்சியது. இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்சம் நெளிந்தார்.

லேபிளே இல்லாமல் தெருவில் விற்கிற பொட்டலம் வேறு விஷயம். 2024இல் சொவெட்டோவில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புஃபாஸ் என்ற கடும் நச்சுப் பூச்சிமருந்தால். அது தோல்மேல் படுவதே ஆபத்து.

சரி, தாத்தாவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மூடிக்கு வாஷர் மாற்றுங்கள். மருந்து நனைத்தால் அந்த நிமிஷமே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளியுங்கள். தலை சுற்றினால் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்டையைப் பேரப்பிள்ளைகள் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

அடுத்த வாரம் போன் பண்ணினார். வாஷர் போட்டாயிற்றாம். பாட்டி அந்தச் சட்டையைத் தொடவே மாட்டேன் என்கிறாராம், இவரேதான் துவைத்தாராம்.

"கையுறை போட்டீங்களா தாத்தா?"

"எந்தக் கையுறை?"