சொல் விளக்கம்: கன்னம், கன்னக்கோல், கன்னக்களவு

பெங்களூரில் கன்னடப் பத்திரிகையைப் புரட்டும் தமிழர்கள் அடிக்கடி பார்க்கும் தலைப்பு ‘மனெகெ கன்ன’. ஏதோ வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது என்று புரிந்துகொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள்கூட அதைக் கன்னடச் சொல் என்றே நினைக்கிறார்கள். தமிழில் கன்னம், கன்னடத்தில் கன்ன, தெலுங்கில் கன்னமு. மூன்றும் ஒன்றுதான்.

திருடன் வீட்டுச் சுவரில் போடும் துளைக்குப் பெயர் கன்னம். போடும் இரும்புக் கருவி கன்னக்கோல். துளையிடுவது கன்னம் வைத்தல். அந்த வழியாகப் புகுந்து எடுப்பது கன்னக்களவு. அந்தக் கால வீட்டின் முன்பக்கம் கனமான கதவும் தாழ்ப்பாளும் இருக்கும். பின்பக்கம் மழையில் ஊறிய மண்சுவர், அல்லது சேறு வைத்துக் கட்டிய செங்கல் சுவர். கதவோடு மல்லுக்கட்ட எந்தத் திருடனுக்கும் பைத்தியமா என்ன? பின்னால் போய், தரையை ஒட்டிய இடத்தில், சத்தம் வராமல் சுரண்டிச் சுரண்டி, ஓர் ஆள் படுத்தபடி நுழையும் அளவுக்குத் துளைப்பான். தலையை உள்ளே நீட்டும் நேரம்தான் ஆபத்து. வீட்டுக்காரர் உலக்கையோடு காத்திருந்தால் அவ்வளவுதான். அதனால் முதலில் ஒரு சட்டியைக் குச்சியில் மாட்டி நீட்டிப் பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்லும் கதைகளில் வரும்.

தொழில் பழையது. மதுரைக்காஞ்சி நள்ளிரவு மதுரையைக் காட்டும்போது ‘நிலன் அகழ் உளியர்’ என்று இவர்களைச் சொல்கிறது. கையில் தோண்டும் உளி, இடுப்பில் சுற்றிய மெல்லிய நூலேணி, இருட்டோடு இருட்டாக நீலக் கச்சை, காலில் செருப்பு. கன்னம் என்ற சொல் அங்கே இல்லை. கன்னக்கோல் வேலையை அந்த உளி செய்கிறது.

சொல்லின் பிறப்புக்குத் தெலுங்கு நல்ல தடயம். அங்கே கன்னம் என்பது ஓட்டைக்கே பொதுப்பெயர். தமிழும் கன்னடமும் அதைத் திருடன் போடும் ஓட்டையாகக் குறுக்கிக்கொண்டன. வடமொழியில் இதே துளைக்குச் சந்தி என்று பெயர். இந்தியில் அது சேந்த் ஆகி, டெல்லிப் பத்திரிகைகளில் இன்றும் சேந்த்மாரியாக நடமாடுகிறது. மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் சர்விலகன் என்ற திருடன் சுவரில் எந்த வடிவில் துளையிடலாம் என்று ஒரு சிற்பியைப் போல யோசிப்பான். அளவு நூலை மறந்துவிட்டதால் பூணூலையே எடுத்து அளப்பான். மும்பைக்காரர்களுக்கு மராத்தியில் ‘கர்ஃபோடி’, அதாவது வீட்டை உடைப்பது. ஆக, சுற்றிலும் எல்லாரிடமும் ஒரு புழங்கு சொல் இருக்கிறது.

கன்னடத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு சரணரே, அதாவது சிவனடியாரே, இருக்கிறார். வசனம் என்ற கன்னட உரைநடைப் பாடல்களை எழுதிய 12ஆம் நூற்றாண்டு வசனகாரர்களில் ஒருவர் கன்னத மாரிதந்தெ. முன்பு கன்னம் வைத்துத் திருடியவர் என்பதால் பெயரோடு தொழிலும் ஒட்டிக்கொண்டது என்பது மரபு. இன்று வங்கிக் கணக்கில் பணம் போனாலும் கன்னடத் தலைப்பில் கன்னதான். சுவரே வேண்டாம்.

அப்படியானால் தமிழில் ஏன் வாயிலிருந்து மறைந்தது? என் கணிப்பு, முகத்துக் கன்னம்தான் காரணம். கன்னடத்தில் முகத்தில் இருப்பது கென்னெ, சுவரில் இருப்பது கன்ன, இரண்டும் மோதவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. ‘வீட்டில் கன்னம் வைத்தான்’ என்று இன்று எழுதினால் படிக்கிறவர் முகம் சுளிப்பார். அப்புறம் சிமென்ட் சுவர் வந்தது, திருடன் பூட்டுக்கு மாறினான். ஆனால் சொல் சாகவில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறையின் ஆவணங்களில் கூட்டுக்கொள்ளை, கொள்ளை, திருட்டு ஆகியவற்றோடு கன்னக்களவும் ஒரு வகையாக இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்துச் சட்டத்தில் பர்க்ளரி என்றால் இரவு நேரத்தில் பிறர் குடியிருக்கும் வீட்டை உடைத்துப் புகுவது. அங்கே 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு என்பது 9 மணி முதல் காலை 6 மணி வரை. மெக்காலே குழு 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஹவுஸ் பிரேக்கிங்’ என்று எழுதியது. கடிகாரத்தையும் விட்டுவிட்டு, சூரியன் மறைந்தது முதல் உதிப்பது வரை இரவு என்றது. 445ஆம் பிரிவு அந்தக் குற்றத்துக்குக் கொடுக்கும் முதல் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: ஒருவன் இன்னொருவன் வீட்டுச் சுவரில் துளை போட்டு, அதன் வழியே கையை உள்ளே விடுகிறான். கையை விட்டாலே போதும், குற்றம் முடிந்தது. இது அப்பட்டமான கன்னம். இந்த ஊர்த் திருட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். இரவில் திருடும் நோக்கத்தோடு இப்படிப் புகுந்தால் 457ஆம் பிரிவின்படி 14 ஆண்டு வரை சிறை.

1809இல் பெங்களூரில் கன்டோன்மென்ட், அதாவது வெள்ளைக்காரரின் படைக் குடியிருப்பு, அமைந்தபோது மதராஸ் படையோடு தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், சிறு வியாபாரிகள், பட்லர், ஆயா, வண்ணார், சமையல்காரர். பங்களாச் சுவர்கள் தடித்த சுண்ணாம்புக் காரை. கன்னக்கோலுக்கு அங்கே பெரிய வேலையில்லை. துரைமாரின் பயமெல்லாம் வீட்டுக்குள் இருந்தவர்கள் மேல்தான். சட்டமும் அதே பயத்தோடு எழுதப்பட்டது. திருட்டை வரையறுக்கும் 378ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, எஜமானின் வெள்ளிப் பாத்திரங்களைப் பொறுப்பில் வைத்திருந்த வேலைக்காரன் அவற்றோடு ஓடிப்போவது. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. அதையே வேலைக்காரரோ குமாஸ்தாவோ முதலாளியிடம் செய்தால் 381ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த வேறுபாடு 306ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது.

சந்தையில் வாங்கும் சாமானில் வேலைக்காரர் எடுத்துக்கொண்ட சிறு பங்குக்குத் தஸ்தூரி என்று பெயர். அது வழக்கம் என்பது அவர் கணக்கு, திருட்டு என்பது துரைசானி கணக்கு. குறைந்த சம்பளம் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் எனக்கு பட்லர் பக்கம்தான் மனசு போகிறது.

இன்னொரு கூத்து எல்லை. 1881 முதல் 1947 வரை கன்டோன்மென்ட் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதி கையில், பேட்டை என்ற பழைய நகரம் மைசூர் மகாராஜா கையில். கப்பன் பூங்காவைத் தாண்டினால் அரசாங்கமே வேறு.

போலீஸ் குறிப்பேட்டிலிருந்து நம் வாய்க்கு வந்த சொல் கேடி. ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது ஏற்கெனவே தெரிந்த திருடன் என்பதன் சுருக்கம் கே.டி. கேடு என்ற தமிழ்ச் சொல் பக்கத்திலேயே இருந்ததால் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. கன்னடத்திலும் கேடு செய்பவன் கேடிதான். சரியான தமிழ் வேண்டுமானால் பழங்குற்றவாளி. தனி ஆளைப் பட்டியலில் சேர்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சமூகம் சமூகமாகவே பட்டியலிட்டது. 1911ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மதராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. 1952இல்தான் நாடு முழுவதும் நீங்கியது. கன்னக்கோலை ஒரு சாதியின் கருவிபோல எழுதும் பழக்கம் அந்தக் கோப்புகளிலிருந்து வந்தது. சொல்லை எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம்.

பர்க்ளரிக்கு நான் கன்னக்களவு என்றே எழுதுவேன். களவு சேர்ந்ததும் முகத்துக் குழப்பம் போய்விடுகிறது. துளையில்லாமல் பூட்டை உடைத்துப் புகுந்தாலும் இதே சொல் போதும். ‘பூட்டை உடைத்து நகை கொள்ளை’ என்று பத்திரிகைகள் எழுதுவதுதான் இடிக்கிறது. கொள்ளைக்கு அடியோ மிரட்டலோ வேண்டும். 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை. ஆளில்லாத வீட்டில் யாரை மிரட்டுவது?

சின்னத் திருட்டுகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கைவரிசை, லவட்டுதல், ஆட்டையைப் போடுதல், அபேஸ். பணத்தை வேட்டி முனையிலும் முந்தானையிலும் முடிந்து வைத்த காலத்தில் அதை அவிழ்த்தவன் முடிச்சவிழ்க்கி. சட்டையும் பையும் வந்தபிறகு, இந்துஸ்தானி ஜேபைச் சேர்த்துக்கொண்டு ஜேப்படி. பொதுப்பெயராகச் சில்லறைத் திருட்டு நன்றாகவே இருக்கிறது. புதிய சட்டம் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடிப் பிடிபட்டவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை என்கிறது.

பறித்துக்கொண்டு ஓடுவதற்கு மட்டும் பத்திரிகைகளைப் பாராட்ட வேண்டும். ‘செயின் பறிப்பு’ என்று அவை பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. நாடு முழுவதற்குமான தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு கிடைத்தது 2024இல்தான்.