தென்னைத் தடமும் சாஹேல் குழியும்

முட்டம் செம்மண் தேரியில் மழை அரித்துப் போட்ட ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இரண்டு பருவமழையும் வந்துபோகிற குமரி மாவட்டத்தில் மண் ஏன் இப்படி மொட்டையாகக் கிடக்கிறது? மழை குறைந்தால்தான் நிலம் பாழாகும் என்றில்லை. பெய்த மழையை மண் குடிக்காமல் போனாலும் பாழாகும்.

செடியோ சருகோ இல்லாத தரையில் மழைத்துளி விழுந்தால் மண்கட்டி உடைந்து தெறிக்கும். நுண்ணிய களித்துகள்கள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். வெயில் பட்டதும் பப்படம்போலப் பொருக்கு தட்டிவிடும். அடுத்த மழை அதன்மேல் வழுக்கி, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். நீர் இறங்காததால் செடி முளைக்காது. செடி இல்லாததால் பொருக்கு இன்னும் இறுகும். வறண்ட நாடுகளில் நிலம் பாலையாவது பெரும்பாலும் இப்படித்தான். மணற்குன்று நகர்ந்து வந்து ஊரை மூடுவதெல்லாம் அபூர்வம்.

சரி, பொருக்கை எப்படி உடைப்பது? சஹாரா பாலைக்குத் தெற்கே கிடக்கும் வறண்ட பட்டைக்கு சாஹேல் என்று பெயர். அங்குள்ள புர்கினா பாசோ நாட்டு விவசாயி யகூபா சவடோகோ 1980களில் கோடையிலேயே பாறைபோல் இறுகிய தரையில் சாண் அகலக் குழிகளாக வெட்டி, சாணமும் சருகும் போட்டார். அந்த ஊரில் அதற்கு 'ஸாய்' என்று பெயர். பைத்தியம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நாம் தென்னை மூட்டில் தடம் எடுத்துத் தழையும் கதம்பையும் போடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

பாதி வேலையைக் கரையான் பார்த்துக்கொள்ளும். எருவைத் தேடி வந்து குழிக்கடியில் வளை தோண்டும். முதல் மழையில் சுற்றுத்தரையில் வழிகிற நீர் குழிக்குள் சேர்ந்து, அந்த வளைகள் வழியே கீழே இறங்கும். குழியில் போட்ட சோளமும் கம்பும் முளைக்கும். எருவில் கிடந்த மர விதைகளும் கூடவே முளைக்கும். அப்படி அவர் ஒரு காடே வளர்த்தார். 2018-ல் மாற்று நோபல் எனப்படும் விருது கிடைத்தது.

பக்கத்து நைஜரில் குழிகூட வேண்டியிருக்கவில்லை. வெட்டிய மரங்களின் தூர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. அதன் துளிர்களில் நல்லதாக நாலைந்தை விட்டு மற்றதைக் கழித்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பி வந்தது, மரம் நடுவிழா எதுவும் இல்லாமல். 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக இந்தியா 2019-ல் சொல்லியிருக்கிறது. அதில் கொஞ்சமாவது இப்படித் தூரைக் காப்பாற்றி நடந்தால் நல்லது.

ஸாய் குழியை அப்படியே இங்கே வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குறைந்த மழைக்கானது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ அடைமழையில் நீர் கட்டிநின்று வேர் அழுகும். வறண்ட சரிவு என்றால் வெட்டலாம். ஆனால் எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். மேல்பக்கம் போட்டால் வருகிற தண்ணீரை அதுவே மறித்துத் திருப்பிவிடும்.